பாடசாலைக் கூட்டு: பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று அளந்து பார்ப்பது எப்படி?

வசதியுள்ள ஒரு பாடசாலையும் சுற்றியுள்ள சிறிய பாடசாலைகளும் சேர்ந்து வேலைசெய்வதைத்தான் 'கூட்டு' என்கிறேன். எங்கள் முதல் கூட்டு முடிந்தபோது வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் நிறைவுக் கூட்டம் வைத்தோம். மூன்று வருஷம், ஆறு பாடசாலைகள், 41 பயிற்சி அமர்வுகள், 58 ஆசிரியர்கள் என்று நான் திரையில் படம் போட்டுக் காட்டினேன். படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பாதிப் படங்களில் யார் கையிலாவது ஒரு பற்றீஸ் இருந்தது. செலவில் பங்குபோட்ட பழைய மாணவர் ஒருவர் கனடாவிலிருந்து வந்திருந்தார். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டீச்சர், இதெல்லாம் சரி. பிள்ளைகளுக்கு என்ன கிடைச்சது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. "ஆசிரியர்கள் மிகவும் ஆர்வமாக..." என்று ஏதோ தொடங்கினேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார்.

நான் கொழும்பில் 19 வருஷம் கணிதபாட ஆசிரிய ஆலோசகராக இருந்தவள். ஓய்வுபெற்ற பிறகு இரண்டு கூட்டுகளில் வேலை செய்தேன். முதலாவதில் உருப்படியாக எதையும் அளக்கவில்லை. இரண்டாவதில் அளந்தோம், அதிலும் பிழைகள் விட்டோம். வசதியுள்ள ஒரு பாடசாலையும் அதைச் சுற்றியுள்ள சிறிய பாடசாலைகள் சிலவும் சேர்ந்து வேலைசெய்யப் போகின்றன, அதில் உங்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது என்றால், இந்தக் குறிப்பு உங்களுக்காக. பல்கலைக்கழக ஆய்வுக்கு இது போதாது. ஒரு அதிபர், இரண்டு ஆசிரியர்கள், என்னைப்போல ஓய்வுபெற்ற ஒருவர் சேர்ந்து சனிக்கிழமைகளில் செய்துமுடிக்கக்கூடிய அளவுதான்.

பாடசாலைகளைக் கோத்துவிடும் யோசனை நமக்குப் புதிதல்ல. 'கொத்தணி' என்ற சொல் 1981 கல்வி வெள்ளை அறிக்கைக் காலத்திலிருந்தே ஆசிரியர் அறைகளில் புழங்குகிறது. 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் வந்தபோதும், அதன்பின் வந்த திட்டங்களிலும் கோப்பு நிறைய எழுதினோம். அந்தக் கோப்புகளில் நான் பார்த்தவரை, நடந்தவை எல்லாம் பதிவாகியிருக்கும். அதனால் என்ன மாறியது என்ற பக்கம் மட்டும் இருக்காது.

தொடங்குமுன் ஒரு வசனம்

முதல் கூட்டத்துக்கு முன்பே ஒரு வசனம் எழுதுங்கள். யாருக்கு, எதில், எப்போதைக்குள், என்ன மாற வேண்டும்? "கல்வித் தரத்தை உயர்த்துதல்" என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். எங்கள் இரண்டாவது கூட்டில் நாலு மாலை சண்டைபோட்டு எழுதிய வசனம் இது: "நாலு சிறிய பாடசாலைகளிலும் தரம் 6இல் இருக்கும் பிள்ளைகள், தரம் 7 முடியுமுன் பின்னங்களைத் தாங்களாகவே கூட்டவும் கழிக்கவும் செய்வார்கள்." ஓர் அதிபருக்கு இது பிடிக்கவில்லை. "இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டார். பின்னம் தெரியாத பிள்ளைக்கு விகிதமும் சதவீதமும் அட்சரகணிதமும் வராது என்று அவருக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு மாலை போனது. அந்த மாலை வீண்போகவில்லை. அவர்தான் பிறகு எல்லோரையும்விட உன்னிப்பாகக் கணக்குப் பார்த்தார்.

அடுத்து, அந்த வசனத்துக்குப் போகும் வழியைப் படிகளாக எழுதுங்கள். ஆசிரியர் அமர்வுக்கு வருகிறார். புதிதாக ஒன்றைக் கற்கிறார். அதைத் தன் வகுப்பில் செய்ய அவருடைய பாடசாலை இடம் கொடுக்கிறது. அவர் உண்மையிலேயே செய்கிறார். பிள்ளை கற்கிறது. அமெரிக்கக் கல்வியியலாளர் தோமஸ் கஸ்கி ஆசிரியர் பயிற்சியை மதிப்பிட ஐந்து மட்டங்கள் சொல்கிறார். பங்குபற்றியவர் எப்படி உணர்ந்தார் என்பது முதல் மட்டம், மாணவரின் பேறு ஐந்தாவது. நாம் வழக்கமாக அமர்வு முடிவில் ஒரு படிவம் கொடுத்து, "மிக நன்று" என்று நிரப்பி வாங்கி, முதல் மட்டத்திலேயே கடையைச் சாத்திவிடுவோம். ஒவ்வொரு படிக்கும் ஒரேயொரு சான்று போதும். ஆனால் ஒரு படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். பிள்ளையின் புள்ளி ஏறவில்லை என்றால் எந்தப் படியில் வழுக்கியது என்று தெரிய வேண்டுமே.

முதல் மாதத்தில் எதையும் மாற்றாதீர்கள்

பயிற்சி தொடங்குமுன் இருந்த நிலையை எடுத்து வைக்காவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? எல்லோரும் ஆர்வத்தில் உடனே தொடங்கப் பார்ப்பார்கள். ஒரு மாதம் பிடித்து நிறுத்துங்கள்.

தவணைப் பரீட்சைப் புள்ளிகளை எடுக்கலாமே என்பார்கள். எடுக்க வேண்டாம். ஒவ்வொரு தவணையும் வினாத்தாள் வேறு, அதன் கடினம் வேறு, திருத்துகிற கையும் வேறு. முதலாம் தவணையில் 38, மூன்றாம் தவணையில் 47 என்றால் பிள்ளை முன்னேறியதா, வினாத்தாள் இளகியதா என்று யாராலும் சொல்ல முடியாது. நாங்கள் 12 கேள்விகளோடு ஒரு சின்னத் தாள் செய்தோம். 25 நிமிஷம். அதே அளவு கடினத்தில் எண்களை மாற்றி இரண்டாவது தாள் ஒன்று. இரண்டையும் முதலில் எங்களோடு சேராத ஒரு வகுப்புக்குக் கொடுத்து, ஏறக்குறைய ஒரே புள்ளி வருகிறதா என்று பார்த்துக்கொண்டோம். தாளைத் திருத்துபவருக்கு அது எந்தப் பாடசாலையின் தாள் என்று தெரியக்கூடாது. பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள்.

தாளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். நான் முதல் தடவை அதைச் செய்யவில்லை. காலை பத்து மணிக்கு ஒரு வகுப்பில் கொடுத்த தாள், பின்னேரம் நாலு மணிக்கு ஒரு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் 'முக்கிய வினாக்கள்' என்ற தலைப்போடு சுற்றியது. இரவோடு இரவாக வேறு தாள் அடித்தோம்.

வரவு இடாப்பையும் பாருங்கள், ஆனால் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். கொழும்பில் தமிழ்மொழிமூலப் பாடசாலைகள் எல்லாம் ஒரே தாளத்தில் நடப்பதில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு ரமழானை ஒட்டித் தவணையே வேறு. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாளை ஒட்டி வகுப்பறை காலியாகும். களனி ஆறு பெருகினால் மட்டக்குளிப் பக்கத்துப் பிள்ளைகள் வரமாட்டார்கள். மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடலாம். மேயை ஓகஸ்டோடு ஒப்பிட்டு, "வரவு கூடிவிட்டது" என்று எழுதினால் அது மழை விட்டதன் பலன்.

கொப்பியைத் திறவுங்கள்

என்னைக் கேட்டால் முழு அளவீட்டிலும் பெறுமதி கூடியது கொப்பிதான். செலவில்லை, பிள்ளைக்குப் பயமில்லை, நடந்தது அப்படியே கிடக்கும். வகுப்பறைக்குள் நாம் போய் உட்கார்ந்தால் ஆசிரியர் அன்றைக்கு நன்றாகத்தான் படிப்பிப்பார். கொப்பியில் நாம் வராத நாட்களும் இருக்கின்றன.

எடுக்கும் விதம் இது. இடாப்பில் ஒவ்வொரு ஏழாவது பெயர். 35 பேர் வகுப்பென்றால் ஐந்து கொப்பி. "நல்ல பிள்ளைகளின் கொப்பியைத் தரட்டுமா மிஸ்?" என்று கேட்பார்கள், புன்னகையோடு இடாப்பையே கேளுங்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு வரவில்லை என்றால் அடுத்த பெயர். அந்தத் தவணையின் நடுவில் இரண்டு வாரத்தைத் தெரிந்து, அந்த இரண்டு வாரப் பக்கங்களை மட்டும் பாருங்கள். மூன்றையே எண்ணுங்கள்: கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதாமல் பிள்ளை தானாகச் செய்த கணக்குகள் எத்தனை? அவற்றில் பிழையானவற்றில் எத்தனையை ஆசிரியர் கண்டுபிடித்திருக்கிறார்? கண்டுபிடித்தவற்றில் எத்தனையைப் பிள்ளை திரும்பச் செய்திருக்கிறது?

தானாகச் செய்ததா, பார்த்து எழுதியதா என்று எப்படித் தெரியும்? ஐந்து கொப்பியையும் ஒரே பக்கத்தில் திறந்து மேசையில் பரப்புங்கள். ஐந்திலும் ஒரே இடத்தில் வரி முறிந்து, ஒரே கணக்கில் ஒரே பிழை இருந்தால் அது பலகையிலிருந்து இறங்கியது. இதற்கு இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, பிறகு சரிபார்க்க வேண்டும். எங்கள் இருவருக்கும் முதல் நாள் ஒத்தே வரவில்லை. இரண்டாம் நாள் எதைத் 'தானாகச் செய்தது' என்று சொல்வோம் என ஒரு தாளில் எழுதி வைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

முதல் கூட்டின் கடைசி வருஷத்தில் நாங்களும் கொப்பி பார்த்தோம்தான். அப்போது எண்ணியது சிவப்புச் சரி அடையாளங்களை. 'கொப்பி திருத்தும் வீதம்' என்று அதற்கு ஒரு பெரிய பெயரும் வைத்தோம். எண்ணப்போகிறோம் என்று சொன்ன மாதமே வீதம் ஏறியது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒருநாள் ஒரு சிறுமியின் கொப்பியைப் பார்த்தேன். அரைவாசியையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் சேர்த்து, ஐந்தில் இரண்டு என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். பக்கத்தில் சிவப்பில் ஒரு சரி. கீழே 'மிக நன்று', திகதியோடு. அரைவாசியோடு இன்னொன்றைக் கூட்டினால் அரைவாசியைவிடக் குறைந்த விடை எப்படி வரும்? ஆசிரியரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மூன்று வகுப்பில் 120 கொப்பிக்கு மேல், எண்ணப்போகிறார்கள் என்று அவசரம் வேறு. சிவப்புப் பேனையை வகுப்புத் தலைவியிடம் கொடுத்திருக்கிறார். அந்தச் சரியும் 'மிக நன்று'ம் 12 வயதுப் பிள்ளையின் கையெழுத்து.

குற்றம் என்னுடையது. ஓர் எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லப்போகிறோம் என்றால் அந்த எண்ணே கெடத் தொடங்கும் என்று டொனால்ட் கேம்பல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். அதனால்தான் இப்போது சரிகளை எண்ணுவதில்லை, பிடிபட்ட பிழைகளை எண்ணுகிறேன். எந்த இரண்டு வாரம் பார்ப்போம் என்று முன்கூட்டியும் சொல்வதில்லை. ஆசிரியரின் பெயரும் எங்கள் தாளில் இருக்காது.

வந்தவர், போனவர், இருந்தவர்

பாடசாலையின் சராசரியை ஒப்பிடுவதுதான் எல்லோரும் விடும் பிழை. கொழும்பில் அது பெரும்பிழை. தரம் 5 புலமைப்பரிசில் முடிந்ததும் நன்றாகச் செய்த பிள்ளைகள் பெரிய பாடசாலைகளுக்குப் பறந்துவிடுகிறார்கள். 'தோட்டம்' என்று கொழும்பில் சொல்லும் நெருக்கமான குடியிருப்பிலிருந்து மாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பத்துப் பிள்ளை பாதி வருஷத்தில் காணாமல் போகும். அப்பாவின் கடைவேலைக்காக மலையகத்திலிருந்து வந்த பிள்ளை நடுத்தவணையில் சேரும். போன வருஷம் இருந்த வகுப்பும் இந்த வருஷம் இருக்கும் வகுப்பும் ஒரே வகுப்பல்ல.

எங்கள் கணக்கையே போட்டுக் காட்டுகிறேன். தரம் 6இல் 24 பிள்ளைகள், 12 கேள்வித் தாளில் எல்லோருடைய புள்ளியும் சேர்த்து 108. சராசரி 4.5. அடுத்த வருஷம் தரம் 7இல் 22 பிள்ளைகள், மொத்தம் 130, சராசரி 5.9. ஆகா, 1.4 ஏறிவிட்டது! இப்போது பெயர்ப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு தடவையும் இருந்தவர்கள் 17 பேர். அவர்களுடைய புள்ளி முதலில் 87, பிறகு 102. ஆளுக்கு ஏறக்குறைய 0.9தான் ஏறியிருக்கிறது. போன ஏழு பேரின் மொத்தம் 21, அதாவது ஆளுக்கு 3. புதிதாக வந்த ஐந்து பேரின் மொத்தம் 28, ஆளுக்கு 5.6. படிப்பில் மெலிந்த பிள்ளைகள் போய்க் கொஞ்சம் திறமான பிள்ளைகள் வந்ததில் அரைக் கேள்வி தானாகவே ஏறியிருக்கிறது. கூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் பிள்ளைக்குப் பிள்ளை பின்தொடருங்கள். சேர்விலக்கத்தோடு ஒரு எக்செல் தாள் போதும். போன பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதையும் ஒரு நிரலில் எழுதுங்கள். நாலு பேர் ஒரே தவணையில் படிப்பையே விட்டிருந்தால் அது பின்னத்தைவிடப் பெரிய செய்தி.

நாம் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும்?

சரி, 0.9 ஏறியது. ஒரு வருஷம் வளர்ந்த பிள்ளை ஒன்றும் செய்யாமலேயே கொஞ்சம் ஏறாதா? ஏறும். அதைப் பார்க்கத்தான் கூட்டில் சேராத ஒரு பாடசாலை வேண்டும். அதே மொழிமூலம், அதே வகை, ஏறக்குறைய அதே அளவு, அதே மாதிரியான வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலையோடு, தரம் 11 வரை மட்டுமே உள்ள இரண்டாம் வகைப் பாடசாலையை ஒப்பிடாதீர்கள்.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. கூட்டுக்கு எப்போதும் போன வருஷம் ஆகவும் மோசமாகச் செய்த பாடசாலையைத்தான் தெரிவு செய்வோம். மோசமான வருஷத்துக்கு அடுத்த வருஷம் பெரும்பாலும் கொஞ்சம் நல்லதாகத்தான் இருக்கும். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் அவர்களைவிடச் சராசரிக்குக் கிட்ட வருகிறார்கள் என்று பிரான்சிஸ் கால்டன் 1886இல் காட்டிய அதே சங்கதி. சிறிய பாடசாலையில் இது இன்னும் மோசம். 18 பேர் பரீட்சை எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை 5.6 சதவீதம், இரண்டு பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்றால் பாடசாலையே 11 சதவீதம் விழுந்துவிடும். அடுத்த வருஷம் காய்ச்சல் இல்லை, நாங்கள் மேடையேறி மாலை வாங்குவோம்.

ஒப்பிடும் பாடசாலையை எப்படிச் சம்மதிக்க வைப்பது? "உங்கள் பிள்ளைகளைச் சோதிக்கிறோம், ஆனால் ஒன்றும் தரமாட்டோம்" என்றால் எந்த அதிபர் கதவைத் திறப்பார்? நாங்கள் சீட்டுக் குலுக்கினோம். விரும்பி வந்தவை நாலு பாடசாலைகள். ஒரேயடியாக நாலுக்கும் செய்யக் காசும் ஆட்களும் போதவில்லை. நாலு அதிபர்கள் முன்னால் ஒரு சில்வர் டப்பாவில் நாலு சீட்டுப் போட்டு, முதல் வருஷத்துக்கு இரண்டு, அடுத்த வருஷத்துக்கு இரண்டு என்று எடுத்தோம். காத்திருந்த இரண்டும் முதல் வருஷத்தில் ஒப்பீட்டுக்கு உதவின. யாருக்கும் அநியாயம் இல்லை, யாரும் எங்கள் ஆட்கள் என்று சொல்லவும் முடியாது. அந்த வருஷம் காத்திருந்தவற்றில் இருந்த பிள்ளைகள் ஆளுக்கு 0.5 ஏறியிருந்தார்கள். ஆக எங்கள் பங்கு 0.4. 12 கேள்வியில் அரைக் கேள்விகூட இல்லை. முதலில் மனம் விழுந்தது. ஆனால் அது உண்மையான எண், அதை வைத்து அடுத்த வருஷ வேலையை மாற்ற முடிந்தது. 1.4ஐ நம்பியிருந்தால் செய்ததையே திரும்பச் செய்திருப்போம்.

நமக்கு மட்டுமல்ல இந்தத் தலையிடி. லண்டனில் 2003இல் 'லண்டன் சவால்' என்று ஒரு பெரிய வேலை தொடங்கியது. டிம் பிரைட்ஹவுஸ் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். நன்றாகச் செய்யும் பாடசாலைகளை மெலிந்தவற்றோடு சேர்த்துவிட்டார்கள். ஒரே மாதிரியான பிள்ளைகள் வரும் பாடசாலைகளைக் 'குடும்பங்களாக'ப் பிரித்து, ஒன்றின் தரவை மற்றது பார்க்கும்படி புத்தகமாகக் கொடுத்தார்கள். 2011இல் அது முடியும்போது லண்டன் பிள்ளைகளின் பெறுபேறு நாட்டிலேயே முன்னுக்கு வந்திருந்தது. உலகம் முழுக்கப் பேசினார்கள். பிறகு 2014இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சைமன் பர்ஜஸ், நகரத்தில் இருக்கும் பிள்ளைகளின் இனக் கலவைதான் அந்த உயர்வுக்குப் பெரும் காரணம் என்று எழுதினார். அதே வருஷம் இன்னொரு ஆய்வு, உயர்வு அதற்கு முன்பே ஆரம்பப் பாடசாலைகளில் தொடங்கிவிட்டது என்றது. எனக்கு அந்தக் கூட்டு வேலைசெய்தது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அது லண்டன் முழுவதற்குமாக நடந்ததால், லண்டனுக்குள்ளேயே அதில் சேராதது என்று சீட்டுக் குலுக்கி வைத்து ஒப்பிட ஒன்று இல்லை. டப்பாவில் நாலு சீட்டுக்கு உள்ள மதிப்பு அங்கேதான் தெரிகிறது.

பரீட்சைப் பெறுபேறு, ரியூசன்

சாதாரண தரப் பெறுபேறு கேட்கத்தான் கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 35 எடுத்தால் எஸ், அதாவது சித்தி. 34 எடுத்தால் டபிள்யூ, சித்தியில்லை. 33இலிருந்து 36க்கு வந்த பிள்ளை வெற்றி என்று எண்ணப்படும். 8இலிருந்து 30க்கு வந்த பிள்ளை அந்தக் கணக்கில் இருந்த இடத்திலேயே இருக்கும். பின்னத்தில் தொடங்கும் தரம் 6 பிள்ளை சாதாரண தரம் எழுத இன்னும் ஐந்து வருஷம் போக வேண்டும், அதற்குள் கூட்டு முடிந்துவிடும். வருஷத்துக்கு வருஷம் கோடு போடுவதிலும் கவனம். முன்பு டிசம்பரில் நடந்த பரீட்சை, கொரோனாவுக்கும் 2022 நெருக்கடிக்கும் இடையில் தள்ளித் தள்ளிப் போனது. 2021க்கான சாதாரண தரம் 2022 மேயில்தான் தொடங்கியது. எரிபொருள் இல்லாமல் பாடசாலை பூட்டியிருந்த அந்த ஜூன், ஜூலை மாதங்களைக் கடந்து வந்த வகுப்பை மற்ற வகுப்புகளோடு ஒரே கோட்டில் வைக்க முடியாது.

ரியூசன் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. தாளின் முடிவில் ஒரு கேள்வி சேருங்கள்: கணிதத்துக்கு வெளியே வகுப்புக்குப் போகிறாயா, வாரத்தில் எத்தனை தடவை? இதற்குப் புள்ளி இல்லை என்று சொல்லுங்கள். போகிற பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு பையனிடம் பின்னங்களுக்குப் பொதுப் பகுதி எண் எடுக்கும் முறையை யார் சொல்லித்தந்தது என்று கேட்டேன், எங்கள் பயிற்சியின் பலன் என்ற ஆசையில். "சேர் மிஸ்" என்றான். எந்த சேர்? கொட்டாஞ்சேனையில் மேல்மாடியில் வகுப்பு நடத்தும் சேர்.

கொடுக்கிற பாடசாலை என்ன இழந்தது?

இதை யாரும் அளப்பதில்லை. பெரிய பாடசாலையின் கெட்டிக்கார ஆசிரியர் புதன்கிழமை சின்னப் பாடசாலைக்குப் போனால், அவருடைய வகுப்புக்கு ரிலீஃப் போகிறவர் யார்? ரிலீஃப் புத்தகத்தைப் பாருங்கள், எத்தனை பாடவேளை, யார் போனார், என்ன செய்தார் என்று எண்ணுங்கள். எங்கள் கூட்டில் ஒரு தவணையில் 31 பாடவேளைகள் அப்படிப் போயின. பெற்றோர் கேட்கும்போது கையில் எண் இருந்ததால் அதிபரால் பதில் சொல்ல முடிந்தது, அடுத்த தவணையே சந்திப்புகளைப் பின்னேரத்துக்கு மாற்றினோம்.

எதிர்பாராத பக்கமும் உண்டு. பெரிய பாடசாலை ஆசிரியர் ஒருவர், வெவ்வேறு தரப் பிள்ளைகள் 14 பேரை ஒன்றாக வைத்துக் கலவை வகுப்பு நடத்தும் சின்னப் பாடசாலை டீச்சரிடம் சோற்றுப் பார்சல் தாளை மடித்துப் பின்னம் காட்டக் கற்றுக்கொண்டு வந்து தன் 42 பிள்ளை வகுப்பில் செய்தார். அதையும் எழுதுங்கள். கற்றது எந்தத் திசையில் போனது என்று ஒரு நிரல்.

ஆசிரியரிடம் கேட்கும் விதம்

"பயிற்சி எப்படி இருந்தது?" என்றால் "நல்லா இருந்தது மிஸ்" என்றுதான் வரும். நம் ஊரில் வயதில் மூத்தவர் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? நாளும் நேரமும் வைத்துக் கேளுங்கள்: "போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளையில் என்ன செய்தீங்க? அதில் பிள்ளைகள் எங்கே தடுக்கினாங்க?" செய்தவர் உடனே சொல்லுவார். செய்யாதவர் பொதுவாகப் பேசுவார். அதிபர் இல்லாத இடத்தில், ஒரு பிளேன்டீ குடித்துக்கொண்டு, இருபது நிமிஷம். கேட்பவர் அவருடைய மேலதிகாரியாக இருக்கக்கூடாது. என்னைப்போல இனி யாருக்கும் அறிக்கை எழுதாத ஆள் நல்லது.

அனுமதியை மறக்காதீர்கள். தேசிய பாடசாலை நேரே கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, மாகாணப் பாடசாலை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ். கூட்டில் இரண்டும் இருந்தால் கடிதமும் இரண்டு பக்கம் போக வேண்டும். பெற்றோருக்கும் தமிழில் ஒரு பக்கக் கடிதம். பிள்ளைகளின் பெயரும் இலக்கமும் சேர்ந்த தாள் ஒரேயொரு பிரதி, ஒரு அதிபரின் அலுமாரியில், பூட்டி. வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் அந்த ஒரு வசனம், முன்னும் பின்னும் எண்கள், ஒப்பீட்டுப் பாடசாலையின் எண்கள், எத்தனை பிள்ளைகள். இரண்டாம் பக்கத்தில் எது மாறவில்லை. கனடாக்காரருக்கு நான் இரண்டாவது கூட்டின் அறிக்கையை அனுப்பியபோது 0.4ஐ மறைக்கவில்லை. மூன்றாவது வருஷ முடிவில் அது 1.1 ஆனதையும், கொப்பிகளில் பிடிபட்ட பிழைகளைப் பிள்ளைகள் திரும்பச் செய்வது இரண்டு பாடசாலையில் கூடி, ஒன்றில் அசையாமல், ஒன்றில் குறைந்ததையும் அப்படியே எழுதினேன். குறைந்த இடத்தில் கணித ஆசிரியர் ஜனவரியில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். ஐந்து மாதம் ஆளே வரவில்லை. படமே இல்லாத அந்த இரண்டு பக்கத்துக்கு அவர் தொலைபேசியில் முக்கால் மணிநேரம் கேள்வி கேட்டார்.

காசு முடிந்து ஒரு வருஷம் கழித்து ஒரு தடவை திரும்பிப் போக வேண்டும். அதற்கான பயணச் செலவைத் தொடக்கத்திலேயே வரவுசெலவில் போட்டுவையுங்கள், பிறகு யாரும் தரமாட்டார்கள். அப்போது அமர்வு இல்லை, சிற்றுண்டி இல்லை, நம்மை எதிர்பார்க்கவும் மாட்டார்கள். அதே இடாப்பு முறையில் ஐந்து கொப்பி, அதே அளவுத் தாள், அதே 25 நிமிஷம். வகுப்பில் 28 பேர் என்றால் 28 தாள் கொண்டு போங்கள், 28ஐயும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள்.